தீயணைப்பு வீரர் அனுப்பும் லொகேஷனுக்கு பரங்கிமலையில் போட்ட பிள்ளையார் சுழி: யார் இந்த வில்லியம் லாம்டன்?

தீ விபத்து என்று போன் போட்டால் எதிர்முனையில் கேட்கப்படும் முதல் கேள்வி, எங்கே என்பதுதான். எவ்வளவு பெரிய தீ, எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். இடம் தெரியாவிட்டால் எத்தனை வண்டி இருந்தாலும், எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல செல்போனில் ஒரு நீலப் புள்ளி போதும். காட்டுக்குள் போகும் வனத்துறை ஊழியருக்கு எஸ்எம்எஸ்ஸில் அட்சரேகை, தீர்க்கரேகை வருகிறது. தீயணைப்புக் குழு வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டே தான் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. ஆனால் இந்த மண்ணில் ஓர் இடத்தை எண்ணாகச் சொல்ல முடியும் என்று துல்லியமாக நிரூபித்துக் காட்டிய வேலை எங்கே தொடங்கியது தெரியுமா? நம்ம பரங்கிமலையில். 1802-ல். தொடங்கியவர் பெயர் வில்லியம் லாம்டன்.

எவரெஸ்ட் என்ற பெயர் உலகத்துக்கே தெரியும். அந்த எவரெஸ்டுக்கு பாஸாக இருந்த லாம்டனை, அவர் அளந்த ஊர்களில் குடியிருப்பவர்களுக்கே தெரியாது. அவரது கதை இதுதான்.

யார் இந்த லாம்டன்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், நார்தலர்டன் அருகே ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1753-ஆ, 1756-ஆ என்பதில் இன்றும் ஒரே முடிவு இல்லை. கணக்கில் கெட்டிக்காரர். அந்தக் கணக்குதான் அவரை உள்ளூர்ப் பள்ளிக்கும், அங்கிருந்து ராணுவத்துக்கும் கொண்டுபோனது.

அமெரிக்க விடுதலைப் போருக்கு ஆங்கிலப் படையோடு போனார். தோற்ற பக்கத்தில் நின்று கைதியாகவும் இருந்தார். பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பல ஆண்டுகள் ராணுவக் குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கூடவே எல்லை அளக்கும் பணி. அங்கே சூரிய கிரகணத்தைப் பார்த்ததில் ஒரு கண் பாதிக்கப்பட்டதாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பின்னாளில் இந்தியாவையே தொலைநோக்கி வழியாக அளந்தவருக்கு ஒரு கண்ணில்தான் முழுப் பார்வை.

1790-களின் இறுதியில் இந்தியா வந்தபோது அவருக்கு வயது 40-ஐத் தாண்டிவிட்டது. பதவியும் இல்லை, பணமும் இல்லை. வந்த 33-வது காலாட்படைப் பிரிவின் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தாரே, அதே வெல்லிங்டன் பிரபுதான்.

நட்சத்திரத்தைப் பார்த்து வழி சொன்னவர்

1799 ஏப்ரல். திப்பு சுல்தானுக்கு எதிரான கடைசிப் போர். ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே ஓர் இரவு, தளபதி பேர்டின் படை இருட்டில் ஒரு தோப்பைச் சோதித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கூட நடந்த லாம்டன் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தங்கள் முகாமுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு, படை நேராகத் திப்புவின் படை இருக்கும் பக்கம் நடந்துகொண்டிருந்தது.

லாம்டன் சொன்னதைத் தளபதி முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது, நட்சத்திரம் சொன்னதுதான் சரி. படை திரும்பியது.

இருட்டில் ஒரு குழு. தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்கே தெரியாது. புகைக்குள் நுழையும் தீயணைப்புக் குழுவுக்கு இன்றும் இருக்கும் அதே ஆபத்துதான் இது.

ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு லாம்டன் ஒரு திட்டத்தை மேலிடத்தில் வைத்தார். தென்னிந்தியாவைக் கடற்கரை முதல் கடற்கரை வரை முக்கோணங்களால் அளப்பது. வெல்லெஸ்லியின் சிபாரிசும், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் ஆதரவும் கிடைத்தன. 1800-ல் அனுமதி வந்தது.

கம்பெனி ஏன் சம்மதித்தது? அறிவியல் ஆர்வம் மட்டும் காரணம் இல்லை. புதிதாகப் பிடித்த நிலத்துக்கு வரி போட வேண்டும், படையை நகர்த்த வேண்டும். அதற்கு மேப் வேண்டும். இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

பிடிபட்ட கருவியும் திரும்பி வந்த சங்கிலியும்

வேலைக்கு இரண்டு முக்கியக் கருவிகள். ஒன்று, கோணம் அளக்கும் தியோடலைட். லண்டனில் செய்யப்பட்ட இதன் எடை சுமார் அரை டன். கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலையே பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டிக்குள் இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதைப் பத்திரமாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். இரண்டு நாடுகளும் போரில் இருந்த காலம் அது.

இன்னொன்று, 100 அடி நீள எஃகுச் சங்கிலி. இது முதலில் சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்ட பொருள்களில் ஒன்று. அங்கே அதை யாரும் சீண்டவில்லை. திரும்பி வந்த சங்கிலி லாம்டன் கைக்குப் போனது.

1802, ஏப்ரல் 10: பரங்கிமலையில் நடந்தது என்ன?

எந்த முக்கோணக் கணக்குக்கும் ஒரு பக்கத்தின் நீளமாவது கச்சிதமாகத் தெரிய வேண்டும். அதற்குப் பெயர் அடிக்கோடு. லாம்டன் தேர்ந்தெடுத்தது பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்ட சமவெளி. இன்றைய மேப்பில் இந்த இரண்டு இடங்களையும் இணைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கமாகப் போகும். இப்போது வீடும் கடையுமாக நெருக்கியடிக்கும் அந்த நிலம் அன்றைக்கு வெட்டவெளி.

1802 ஏப்ரல் 10-ம் தேதி அளவு தொடங்கியது. நேரம் சித்திரை வெயில் தொடங்கும் நேரம். வெயிலில் எஃகு நீளும் என்பதுதான் பெரிய தலைவலி. சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்க முடியாது. மரப்பெட்டிகளைத் தாங்கிகள் மேல் வரிசையாக வைத்து, மட்டம் பார்த்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, பெட்டிக்குள் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு அளந்தார்கள். 100 அடி முடிந்ததும் எல்லாவற்றையும் தூக்கி அடுத்த 100 அடி. இப்படிச் சுமார் 400 முறை.

கிடைத்த நீளம் சுமார் 40,006 அடி. அதாவது கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். இன்றைக்கு மெட்ரோ, பைக் டாக்ஸி என்று அரை மணி நேரத்தில் கடக்கும் தூரத்தை அளக்க லாம்டன் குழுவுக்கு வாரக்கணக்கில் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு சங்கிலி அதிகம் தேவைப்படவில்லை. மீதி வேலையைக் கோணங்கள் பார்த்துக்கொண்டன.

முக்கோணம் எப்படி வேலை செய்யும்? திருநீர்மலையை வைத்துப் பார்ப்போம்

இதைப் புரிந்துகொள்ள பல்லாவரத்துக்கு மேற்கே இருக்கும் திருநீர்மலையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகிறது. மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் மாதக்கணக்கில் காத்திருந்து பெருமாளைத் தரிசித்தார் என்பது தலபுராணம். நீர்மலை என்ற பெயரே அப்படி வந்ததாகச் சொல்வார்கள்.

அந்தத் தண்ணீர் இன்றும் வடியவில்லை, மலைக்குப் போக வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கே போகாமலே அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? முடியும்.

பரங்கிமலையில் நின்று, பெரும்பாக்கம் குன்றுக்கும் திருநீர்மலைக்கும் இடையே உள்ள கோணத்தை அளக்க வேண்டும். பிறகு பெரும்பாக்கத்தில் நின்று, பரங்கிமலைக்கும் திருநீர்மலைக்கும் இடையே உள்ள கோணத்தை அளக்க வேண்டும். ஒரு பக்கம் தெரியும், இரண்டு கோணம் தெரியும். பள்ளிக்கூட முக்கோணவியல் மீதி இரண்டு பக்கங்களையும் கொடுத்துவிடும். தண்ணீரில் கால் நனைக்காமலே திருநீர்மலையின் இடம் கிடைத்துவிடும்.

அப்படிக் கிடைத்த பக்கத்தையே புதிய அடிக்கோடாக வைத்து அடுத்த மலை, அதிலிருந்து அடுத்த மலை என்று போய்க்கொண்டே இருக்கலாம். லாம்டன் செய்தது இதைத்தான். கூடவே இரவில் நட்சத்திரங்களை அளந்து, தான் நிற்கும் அட்சரேகையையும் கணக்கிட்டார்.

நம்ம செல்போனில் இருக்கும் ஜிபிஎஸ் கொஞ்சம் வேறு. அது கோணம் பார்ப்பதில்லை. செயற்கைக்கோள்களில் இருந்து சிக்னல் வந்துசேரும் நேரத்தை வைத்துத் தூரங்களைக் கணக்கிடுகிறது. ஆனால் அடிப்படை யோசனை ஒன்றுதான்: இடம் தெரிந்த சில புள்ளிகளை வைத்து, இடம் தெரியாத புள்ளியைக் கண்டுபிடிப்பது.

கொடியும் தீவட்டியும்: அந்தக் காலத்து வாக்கி டாக்கி

கோணம் அளக்க வேண்டுமென்றால், எதிர் மலையில் ஏதாவது ஓர் அடையாளம் தெரிய வேண்டுமே? அதற்காகவே தனிக் குழுக்கள் இருந்தன. கொடியோடு முன்கூட்டியே போய், மலை ஏறி, மரம் வெட்டி, கம்பம் நட்டு நாள் கணக்கில் காத்திருப்பார்கள். மூடுபனி, மழை, புழுதி எதுவும் பார்வையை மறைக்காத ஒரு நாள் வரும்வரை இவர் இங்கே, அவர்கள் அங்கே. இரவில் பளிச்சென்று எரியும் விளக்குகளையும் பயன்படுத்தினார்கள்.

இடையில் பேச வழியில்லை. அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், புலி வந்தாலும், கொடி தெரியவில்லை என்ற ஒன்றுதான் இங்கே கிடைக்கும் தகவல். 

லாம்டனுக்கு உதவியாளர்களாக இருந்தவர்களில் பலர் சென்னையில் இருந்த நில அளவைப் பள்ளியில் படித்த பையன்கள். 1794-ல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. சங்கிலி தூக்கியவர்கள், கொடி பிடித்தவர்கள், அரை டன் கருவியைத் தோளில் சுமந்து மலையேற்றியவர்கள் பெரும்பாலும் நம்ம ஊர்க்காரர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

காட்டுக்குள் வேலை செய்த குழுக்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. 1819-ல் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காடுகளில் எவரெஸ்டின் குழு மொத்தமும் நோயில் விழுந்தது. சிலர் திரும்பவே இல்லை.

40 மைல் காணாமல் போன கதை

சென்னையில் இருந்து பெங்களூருவரை முக்கோணங்கள் போனதும், லாம்டன் 1804-ல் அங்கே இன்னோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். எதற்கு? தன் கணக்கைத் தானே சோதிக்க. பரங்கிமலையில் இருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்குக்கும், நேரில் அளந்த நீளத்துக்கும் இருந்த வித்தியாசம் 3.7 அங்குலம். ஒரு சாண் கூட இல்லை.

அங்கிருந்து மங்களூரு கடற்கரைவரை போனபோது இன்னோர் உண்மை தெரிந்தது. கிழக்குக் கடற்கரைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் இடையே சுமார் 400 மைல் என்று பழைய மேப்கள் காட்டின. உண்மையில் இருந்தது சுமார் 360 மைல். காகிதத்தில் இருந்த 40 மைல் அகலம் நிலத்தில் இல்லவே இல்லை. அத்தனை நாளும் அந்தத் தப்பான மேப்பை நம்பித்தான் படையும் வணிகமும் போய்க்கொண்டிருந்தன.

இவ்வளவு செய்தும் கிண்டல் நிற்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதும், அவனே கொண்டுபோய் விட்டுவிடுவான், இதற்கு இவ்வளவு செலவில் ஓர் அளவையா என்று சென்னை நிதிக் குழுவில் ஒருவர் கேட்டாராம். வழி தெரிந்தவர் கூட இருக்கும்வரை இந்தக் கேள்வி நியாயம்தான். அவர் இல்லாதபோது, இருட்டில், புகையில் என்ன செய்வது என்பதுதான் லாம்டன் பக்கத்து நியாயம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்த விபத்து

காவிரி டெல்டாவில் மலை கிடையாது. கண்ணுக்கெட்டியவரை வயலும் தென்னையும். அதனால் கோயில் கோபுரங்களையே மலையாக்கிக்கொண்டார் லாம்டன். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குத் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. அரை டன் கருவி சுவரில் போய் மோதியது. கோணம் அளக்கும் வட்டம் நெளிந்துபோனது.

இன்னொரு கருவி லண்டனில் இருந்து வர ஆண்டுக்கணக்கில் ஆகும். லாம்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். சுமார் 6 வாரம், நெளிந்த வட்டத்தை ஆப்பும் திருகும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவியோடு மீண்டும் கிளம்பினார். அடுத்த ஆண்டே இன்னோர் அடிக்கோடு அளந்தாயிற்று.

கூடாரத்திலேயே முடிந்த வாழ்க்கை

கன்னியாகுமரியில் இருந்து வடக்கே போகும் இந்தக் கோட்டுக்குப் பெயர் பெரும் வில். 1818-ல் திட்டம் மத்திய நிர்வாகத்தின் கீழ் போனது. பெயரும் மாபெரும் முக்கோணவியல் நில அளவை என்று ஆனது. அப்போதுதான் ஜார்ஜ் எவரெஸ்ட் உதவியாளராக வந்து சேர்ந்தார்.

லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. இந்தியா வந்த பிறகு அவர் இங்கிலாந்து திரும்பவே இல்லை. குடும்பம், பிள்ளைகள் எல்லாம் இங்கேதான். 70 வயதை நெருங்கியபோதும், இருமலோடும் காய்ச்சலோடும் களத்தில்தான் இருந்தார். 1823 ஜனவரி 20-ம் தேதி, ஹைதராபாத்தில் இருந்து நாக்பூர் போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் உயிர் பிரிந்தது. கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

வில்லை எவரெஸ்ட் 1841-ல் டேராடூன் பகுதிவரை கொண்டுபோய் முடித்தார். சுமார் 2,400 கிலோமீட்டர். இதே அளவையின் தொடர்ச்சியாகத்தான் 1852-ல் ராதாநாத் சிக்தார் உலகின் உயரமான சிகரத்தைக் கணக்கிட்டார். சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் வைக்கப்பட்டது. லாம்டன் பெயரில் எந்த மலையும் பிரபலமாகவில்லை.

இன்றைய தீயணைப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. செங்குத்தான சரிவு, இருட்டு, பாதையில்லாத இடம். ஊர் மக்களும் வனத்துறையினரும் இரவெல்லாம் ஏறி இறங்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. மலையில் யார் எந்தச் சரிவில் இருக்கிறார்கள் என்று தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழ்நாடு அன்றைக்கு மிகுந்த வலியோடு பார்த்தது.

இன்றைக்குக் காட்டுத் தீயைக் கண்டுபிடிக்க செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. அவை பதிவு செய்யும் வெப்பப் புள்ளிகளை இந்திய வன ஆய்வு நிறுவனம் எடுத்து, அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றி, வன எல்லை மேப்போடு பொருத்தி, அந்தந்தப் பகுதி ஊழியருக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. இந்த நிறுவனம் இருப்பது எங்கே? டேராடூனில். பெரும் வில் போய் முடிந்த அதே டேராடூன். இந்திய நில அளவைத் துறையின் தலைமையகமும் அங்கேதான்.

ஆனால் எண் வந்தால் மட்டும் போதாது. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும். நம் நாட்டின் பழைய மேப்கள் எவரெஸ்ட் 1830 என்ற பூமி வடிவக் கணக்கில் போடப்பட்டவை. லாம்டன் அளந்த வில்லும் அந்தக் கணக்கின் அஸ்திவாரத்தில் இருக்கிறது. ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறு கணக்கு, அதன் பெயர் டபிள்யூஜிஎஸ் 84. ஒரே எண்ணை இரண்டிலும் குறித்தால் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகலாம். மலையில் நூறு மீட்டர் என்பது பள்ளத்தாக்கின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள வித்தியாசம். 2005-ல் வந்த தேசிய மேப் கொள்கைக்குப் பிறகு, பொதுப் பயன்பாட்டு மேப்கள் டபிள்யூஜிஎஸ் 84 கணக்குக்கு மாற்றப்பட்டதற்கு இப்படி ஒரு பின்னணி உண்டு.

இன்னொரு சிக்கல் கட்டடத்துக்குள். கான்கிரீட் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் சிக்னல் தடுமாறும். லாம்டனின் கோடு போய் முடிந்த பெரும்பாக்கத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அங்கே தரைத் தளத்தில் நிற்பவருக்கும் எட்டாவது மாடியில் மாட்டிக்கொண்டவருக்கும் மேப்பில் ஒரே புள்ளிதான். எந்த மாடி, எந்தப் பக்கத்துப் படிக்கட்டு என்பதை இன்றும் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வீரர்கள் கையில் வாக்கி டாக்கி இன்னும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் 101-க்கோ 112-க்கோ அழைக்கும்போது லொகேஷன் அனுப்பினால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பிளாக் எண், மாடி, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ, வண்டி நுழையக்கூடிய தெரு எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரிந்த புள்ளிகளை வைத்துத்தான் தெரியாத புள்ளியைக் கண்டுபிடிக்க முடியும். பரங்கிமலையில் நின்று லாம்டன் செய்ததும் அதுதான்.